சுருட்டுக்குள் மூன்று இலைகள்... ஒன்று கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்?

ஆடி மாதம் எங்கள் குலதெய்வம் முனீஸ்வரனுக்குப் படையல். சிதம்பரம் பக்கத்துக் கிராமம். கடலூரில் வேலை முடித்துக் கிளம்பும்போது அம்மாவிடமிருந்து போன்: "வர்ற வழியில சுருட்டு வாங்கிட்டு வா, மறந்துடாத." மஞ்சக்குப்பத்தில் ஒரு பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கினேன்.

தாத்தா அதில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். பற்றவைக்கவில்லை. "மேல் இலையை மாத்திட்டாங்கம்மா. நரம்பு தடிப்பா இருக்கு பாரு. உள்ள இருக்குறது பழைய சரக்குதான்" என்றார்.

பற்றவைக்காமலே எப்படிக் கண்டுபிடித்தார்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

மூன்று இலை, மூன்று வேலை

நல்ல சுருட்டில் இலைகளுக்கு மூன்று வேலைகள் உண்டு. நடுவில் இருப்பது உள் இலை. காரமும் மணமும் பெரும்பாலும் இதிலிருந்துதான். அதைச் சுற்றிக் கட்டிப் பிடிப்பது இரண்டாவது இலை. இது கிழியாமல் இருந்தால் போதும், அழகு தேவையில்லை. கண்ணுக்குத் தெரிவது மேல் இலை. இது மெல்லியதாக, ஓட்டையில்லாமல், இழுத்தால் வளையக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரே செடியிலும் எல்லா இலையும் ஒன்றல்ல. உச்சியில் இருக்கும் இலை தடிமன். காரம் அதிகம், மெதுவாக எரியும். கீழ் இலை மெல்லியது. காரம் குறைவு, சுலபமாகத் தீப்பிடிக்கும். அதனால் ஒரு ரகம் கிடைக்காதபோது, சுருட்டுக்காரர் இலையின் பெயரைப் பார்ப்பதில்லை, அது செய்யும் வேலையைப் பார்க்கிறார். கார இலைக்குப் பதில் கார இலை. எரிய உதவும் இலைக்குப் பதில் எரிய உதவும் இலை. உச்சி இலையை மட்டுமே அடைத்தால் சுருட்டு அடிக்கடி அணைந்துபோகும்.

ஜாவாவிலிருந்து வந்த மேல் இலை

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்தான். திருச்சி உறையூர்ச் சுருட்டு லண்டன் வரை பிரபலம். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலை வைத்து 'திருச்சினாப்பள்ளி' சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார்.

அந்த உறையூர்ச் சுருட்டுக்கு இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. 'ஊசிக்கப்பல்' அங்கே பேர்போன ரகம். உள்ளே வைக்க அருமையான இலை. ஆனால் மேலே சுற்ற அவ்வளவு மென்மை இல்லை. ஆங்கிலேயர் காலத்துத் தொழிற்சாலைகள் ஜாவாவிலிருந்து மேல் இலையை வரவழைத்தன. ஆக, நாம் 'அசல்' என்று நினைக்கும் சுருட்டிலேயே மாற்று இலை இருந்திருக்கிறது!

சுதந்திரத்துக்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்காக மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மேல் இலைக்கான ஆய்வு மேற்கு வங்கத்தின் தின்ஹாட்டாவில் நடந்தது. கோதாவரித் தீவுகளில் விளையும் 'லங்கா' புகையிலையும் சுருட்டுக்குப் போகிறது.

வேதாரண்யம் இலை ஏன் ஆகாது?

நம் கடலோரத்திலேயே வேதாரண்யம் இருக்கிறதே, அந்தப் புகையிலை போதாதா? போதாது. அது வெற்றிலையோடு மெல்லும் இலை. உப்புத் தண்ணீரில் வளரும் இலையில் குளோரைடு அதிகம் சேரும். அப்படிப்பட்ட இலை சரியாக எரியாது. வாய்க்கு ருசி தருவது நெருப்புக்கு ஆகாது.

உலகமே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1962-ல் அமெரிக்கா கியூபாவோடு வர்த்தகத்தை நிறுத்தியதும், அங்கிருந்த சுருட்டு நிறுவனங்கள் ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு, கேமரூன் என்று வேறு நாட்டு இலைகளைக் கலந்து பழைய ருசிக்குப் பக்கத்தில் வரப் பார்த்தன.

மாற்ற முடியாத ஒன்று

ஆனால் எந்த இலையை வைத்தாலும் அதில் நிகோடின் உண்டு. "சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லையே" என்பார்கள். இழுக்க வேண்டியதே இல்லை. சுருட்டுப் புகையின் நிகோடின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணம். பெரிய சுருட்டு ஒன்றில், ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். பாக்கெட்டில் 85 சதவிகிதம் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒன்றிரண்டாக உதிரியாய் வாங்குபவர் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை.

தாத்தா ஏன் பற்றவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அன்றோடு விட்டார். விரலுக்கும் மூக்குக்கும் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது விட நினைத்தால், 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

அன்று மாலை படையலில் சித்தப்பா சுருட்டைப் பற்றவைத்து முனீஸ்வரன் முன்னால் வைத்தார். புகை எங்கள் பக்கம் வந்தது. தாத்தா நாற்காலியைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டார்.