பழைய டிவி டியூனர் கார்டில் சேனல் வராதது ஏன்?

புது கம்ப்யூட்டரில் டிவி பார்க்கும் ஆசையில், பழைய டிவி டியூனர் கார்டு ஒன்றை 400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். திரையில் வெறும் புள்ளிகள்தான்! கார்டில் பழுது இல்லை, கேபிள்தான் மாறிவிட்டது.

சாகுபுரத்தில் என் சிறு வயதில் டிவி என்றாலே இலங்கையின் ரூபவாஹினிதான். 1982-ல் தொடங்கிய அந்த ஒளிபரப்பு கடல் தாண்டி வரும். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடிக்கு ஓட, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது" என்று கத்துவோம்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. சேட்டிலைட்டில் வரும் சேனலைக் கேபிள்காரர் டிஷ் வைத்துப் பிடித்து, ஒயர் வழியே வீடுகளுக்குக் கொடுத்தார். பிறகு ராஜ், விஜய், ஜெயா என்று சேனல்கள் பெருகின. பழைய அனலாக் கேபிளில் ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல்தான். ஒயரில் இடம் போதவில்லை. டிஜிட்டலில் படத்தைச் சுருக்கி, அதே இடத்தில் பல சேனல்களை அனுப்பலாம். கட்டணச் சேனலைப் பூட்டியும் அனுப்பலாம். எத்தனை இணைப்பு என்ற கணக்கை மறைக்க முடியாது என்பதுதான் சேனல்காரர்களுக்குப் பெரிய லாபம் என்பேன். 2012-ல் பெருநகரங்களில் தொடங்கிய இந்த மாற்றத்துக்கு, சிற்றூர்களுக்கு 2017 மார்ச் 31 வரை கெடு வைத்தார்கள்.

பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ். என் பழைய கார்டுக்கு டிஜிட்டலே புரியாது.

எனவே கார்டு வாங்காதீர்கள். பாக்ஸின் ஹெச்டிஎம்ஐ கேபிளை நேராக மானிட்டரில் செருகுங்கள். லேப்டாப்பில் செருகிப் பயனில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால், பாக்ஸின் ஆடியோ அவுட்டில் உங்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை இணைத்துக்கொள்ளுங்கள்.