உப்புக்காற்று – 11: நல்ல தண்ணீர்ப் படகு பழவேற்காட்டுக்குப் போனால்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், 2020-ல் திறந்தது. சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஏரியில் ஓடிய படகை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினால் அது வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது.

பழவேற்காட்டுத் தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் முகத்துவாரம் மணல்மூடி வெயிலும் காய்ந்தால், சில இடங்களில் கடலைவிட உப்பு ஏறும். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஃபைபர் படகு, துருப்பிடிக்காது” என்று பலர் சொல்வார்கள். உடம்பு துருப்பிடிக்காது, சரி. இன்ஜினின் கால் அலுமினியம். போல்ட் எஃகு. லைட்டுக்குப் போகும் ஒயர் செம்பு. இத்தனை உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும். அதில் தேய்வது எப்போதும் எளிதில் வினைபுரிகிற உலோகம், அதாவது விலை உயர்ந்த அந்த இன்ஜின் கால்.

அதைக் காப்பாற்றத்தான் இன்ஜினில் ஒரு சின்னக் கட்டியைத் திருகி வைக்கிறார்கள். பெயர் ஆனோடு. இன்ஜினுக்குப் பதிலாக அது தேயும். 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்ன யோசனை இது. அந்தச் சோதனைக்கு உட்பட்ட சமராங் என்ற போர்க்கப்பல், நம் பக்கத்துக் கொச்சியில் தேக்கில் கட்டியது. இரும்புத் துண்டுகள் தேய்ந்து அடிப்பாகத்தின் செம்புத் தகட்டைக் காத்தன. ஆனால் செம்பு கரையாமல் நின்றதால் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த வழியைக் கைவிட்டது.

நம் விஷயத்துக்கு வருவோம். ஆனோடுகளில் மூன்று வகை உண்டு. நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம், கடலுக்கு துத்தநாகம், இரண்டும் கலந்த தண்ணீருக்கு அலுமினியக் கலவை. ஏரியில் ஓடிய படகில் மெக்னீசியம் இருந்தால், உப்புத் தண்ணீரில் அது சில வாரங்களிலேயே கரைந்துபோகும். அதற்குப்பின் தேய்வது இன்ஜின்தான். மெக்கானிக் பதிலுக்குத் துத்தநாகம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்துத் தண்ணீரில் அதன் மேல் ஒரு படலம் மூடி அது வேலை செய்வதை நிறுத்திவிடும். பருவத்துக்குப் பருவம் மாறுகிற பழவேற்காட்டுக்கு அலுமினியக் கலவைதான் பொருத்தம் என்பேன். பாதி தேய்ந்தவுடனே மாற்றிவிட வேண்டும்.

பல படகுகளில் பார்க்கிற ஒரு வேதனை: அழகுக்காக இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஆனோடு மேலும் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் ஏறியபின் அது வெறும் பாரம். அது உட்காரும் இடத்திலும் பெயின்ட், துரு எதுவும் இல்லாமல், உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டித்தான் திருக வேண்டும்.

அடுத்தது கழுவுவது. உள்ளே தங்கிய உப்புத் தண்ணீர் காய்ந்தால் இன்ஜினைக் குளிரவைக்கும் வழிகளில் உப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். கரையேறிய அன்றே, இன்ஜினை டிரம் நிறைய நல்ல தண்ணீரில் இறக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஆனால் நல்ல தண்ணீர் எங்கே? மீஞ்சூர்ப் பக்கம் கடல் உப்பு நிலத்தடியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு வைத்திருக்கிற, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை டிரம்மில் ஒரு முறை நனைத்துப் பாருங்கள். 2000-க்குள் இருந்தால் தாராளமாக ஓடவிடலாம். அதைத் தாண்டினாலும் கடல்நீரோடு ஒப்பிட்டால் மேல்தான். அதனால் கழுவாமல் விடாதீர்கள். கடைசியாக ஒரு குடம் மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றினால் போதும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் இந்த அரிமானத்தை ஆராய்கிறது. அங்கே தெரிந்த விஷயம் கரையில் இன்ஜின் கழற்றுகிற ஒவ்வொரு மெக்கானிக்கின் கைக்கும் ஒரு பக்கத் தாளாக, எளிய தமிழில் வந்துசேர வேண்டும். மீன்துறை நினைத்தால் முடியும்.

போல்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)