மலைக்குடில்களுக்கிடையே ஓர் ஓட்டம்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மாண்ட் பிளாங்க் என்றொரு சிகரம் உண்டு. உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர். பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் இந்தச் சிகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் ஒன்றையொன்று தொடுகின்றன. 1767-ஆம் ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த சோஸ்யூர் என்ற விஞ்ஞானி இம்மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்று அதே மலையைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. நீளம் சுமார் 170 கி.மீ. வழியில் ஏறியிறங்க வேண்டிய கணவாய்கள் பல. ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்டின் உச்சிவரை உள்ள உயரமே 8,849 மீட்டர்தான்!

நடந்து செல்வோர் இந்தச் சுற்றை முடிக்க ஏறத்தாழ பத்து நாட்கள் எடுத்துக்கொள்கின்றனர். சில குழுக்களோ ஐந்தே நாட்களில் ஓடி முடிக்கின்றன. ஆறேழு பேர் சேர்ந்து, நாளொன்றுக்குச் சுமார் 34 கி.மீ. ஓடுகின்றனர். ஆளுக்கு ஒரு சிறிய முதுகுப்பை, அவ்வளவுதான். ஐந்து நாட்களுக்கு வேண்டிய உணவும் படுக்கையும் கூடாரமும் எங்கே? அவற்றையெல்லாம் யார் சுமக்கிறார்கள்?

யாரும் சுமப்பதில்லை. அவை வழியிலேயே இருக்கின்றன. அவற்றுக்குத்தான் மலைக்குடில்கள் என்று பெயர்.

குடில் என்பது என்ன?

கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்ட விடுதி என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையாகப் படுக்கைகள், சூடான இரவு உணவு, காலை உணவு, ஈர உடைகளை உலர்த்த ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஒரு காப்பாளர். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையேறுவோர் சங்கம் 1863-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் தன் முதல் குடிலையும் கட்டியது. இன்று அச்சங்கத்திடம் சுமார் 150 குடில்கள் உள்ளன. மாண்ட் பிளாங்க் சுற்றுப்பாதையில் இத்தாலியப் பகுதியிலுள்ள பொனாட்டி குடில் 2,025 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இக்குடில்களில் பெரும்பாலானவை ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிவிடும்.

ஒரு குடில் ஓட்டக்காரருக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சுமைக் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் கூடாரம், படுக்கை, அடுப்பு, உணவு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டால் அவரது மூட்டை 14 கிலோவாவது இருக்கும். குடில்களை நம்பிச் செல்பவருக்கு 5 கிலோ போதும். வித்தியாசம் 9 கிலோ. இந்த 9 கிலோவை 10,000 மீட்டர் உயர்த்த ஆகும் வேலை என்ன? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 9 × 9.8 × 10,000 = 8,82,000 ஜூல், அதாவது 882 கிலோஜூல்.

நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. எனவே உணவுக் கணக்கில் நான்கு மடங்கு செலவாகும். அது 840 கிலோகலோரி. கிட்டத்தட்ட கால் கிலோ அரிசியில் உள்ள ஆற்றல் இது. இதுவும் ஏற்றத்துக்கு மட்டுமே. மேலும், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையை மோதும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். 14 கிலோ மூட்டையுடன் ஒருவர் நடக்கலாம். நாள் முழுவதும் ஓட முடியாது.

பானையும் களஞ்சியமும்

சரி, 5 கிலோ பையுடன் ஓடுபவருக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு? மொத்த எடை 65 கிலோ. சமதளத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி ஆகும். 34 கி.மீ.க்கு 2,200 கிலோகலோரி. நாளொன்றுக்கு 2,000 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் 1,200. உடல் சும்மா இருந்தாலே செலவாகும் 1,500 கிலோகலோரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோராயமாக 5,000 கிலோகலோரி! சாதாரண நாளின் தேவையைப் போல் இது இரு மடங்கு.

இந்த ஆற்றல் உடலில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். ஈரலிலும் தசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 500 கிராம் இருக்கும். இதிலிருந்து 2,000 கிலோகலோரி கிடைக்கும். இன்னொன்று கொழுப்பு. ஒல்லியானவரிடமும் பல பத்தாயிரம் கிலோகலோரிக்குக் கொழுப்பு உண்டு. கிளைக்கோஜன், அடுக்களைப் பானையில் உள்ள அரிசியைப் போன்றது. கையை விட்டால் எடுத்துவிடலாம். கொழுப்பு, களஞ்சியத்து நெல். நிறைய இருக்கிறது, ஆனால் அவித்துக் குத்தி எடுக்க நேரமாகும். வேகமாக ஓடினால் உடல் பானையிலிருந்தே எடுக்கும். நிதானமாகச் சென்றால் களஞ்சியத்திலிருந்தும் எடுக்கும்.

தேர்ந்த ஓட்டக்காரர்களும் செங்குத்தான ஏற்றங்களில் ஓடாமல் நடப்பது இதனால்தான். உயரத்தில் மற்றொரு தொல்லையும் சேர்கிறது. 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

இரவு குடிலில் சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு எனப் பரிமாறுவார்கள். காலியான பானை மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். ஆனால் ஓட்டக்காரர் மறுநாள் காலையிலேயே புறப்பட்டாக வேண்டும். ஆகவே முதல் நாளில் பானையைச் சுரண்டித் தீர்த்தவர் மூன்றாம் நாளில் தவிப்பார்.

இறக்கத்துக்கும் விலை உண்டு

ஏறுவதுதான் கடினம், இறங்குவது சுலபம் என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது சரி. கால்களுக்கு அப்படியல்ல.

கிணற்றில் வாளியை இறக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றைக் கைவிட்டுவிடாமல், இறுகப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். உள்ளங்கை எரிகிறது. இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசைகள் செய்வதும் இதையே. அவை சுருங்க முயலும். உடலின் எடையோ அவற்றை நீட்டும். இப்படி நீண்டுகொண்டே இழுக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. இதனால் ஏற்படும் வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடையும். லாக்டிக் அமிலம் தசையில் தங்குவதே வலிக்குக் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அது சரியல்ல. ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

முதல் நாள் இறக்கத்தில் உற்சாகமாகப் பாய்ந்து ஓடியவர், அதற்கான விலையை இரண்டாம், மூன்றாம் நாட்களில் கொடுப்பார். சிறிய அடிகளாக வைத்து இறங்குவதும், ஊன்றுகோல்களைப் பயன்படுத்துவதும் சேதத்தைக் குறைக்கும். இன்னொரு நல்ல செய்தி: சில வாரங்களுக்கு முன்பே சிறிய இறக்கங்களில் ஓடிப் பழகிய தசை, அடுத்த முறை அவ்வளவாகச் சேதமடைவதில்லை.

ஓடும் அடுப்பு

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தசைகளின் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்றோமல்லவா? ஏற்றத்தில் மணிக்கு 600 கிலோகலோரி செலவிடும் ஒருவர் சுமார் 700 வாட் திறனில் இயங்குகிறார். அதில் 500 வாட்டுக்கு மேல் வெப்பம். அதாவது அவர் உடலுக்குள் ஐந்து 100 வாட் குண்டு பல்புகள் எரிகின்றன. குளிர்காற்றிலும் அவர் மெல்லிய பனியனோடு ஓட முடிவது இதனால்தான். அவர் நின்றுவிட்டால்? சிறிது நேரத்தில் ஒரே ஒரு பல்புதான் மிஞ்சும்.

இப்போது பனியன் வியர்வையிலோ மழையிலோ நனைந்திருக்கிறது என்று கொள்வோம். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்லும். உயரே போகப் போக, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணவாயின் உச்சியில் காற்றும் பலமாக வீசும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் தடுமாற்றமும் வரும். பேச்சுக் குழறும். மேலும் குறைந்தால் அறிவு மயங்கும். தான் ஆபத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இது வெறும் கணக்கல்ல. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில், பாயின் நகருக்கு அருகே 100 கி.மீ. மலையோட்டப் போட்டி ஒன்று நடந்தது. கலந்துகொண்டோர் 172 பேர். பலர் மெல்லிய உடையே அணிந்திருந்தனர். உயரமான பகுதியை அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டியும் குளிர்மழையும் பெருங்காற்றும் திடீரெனத் தாக்கின. 21 பேர் இறந்துபோனார்கள். நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரும் அவர்களில் உண்டு. அந்த மலையில் ஓர் ஆட்டிடையர், தாம் மழைக்கு ஒதுங்கும் குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து தீமூட்டிக் காப்பாற்றினார்.

அவர்களைக் காத்தவை எவை? காற்றைத் தடுத்த சுவர், உலர்ந்த போர்வை, நெருப்பு. ஒரு மலைக்குடில் தருவதும் இம்மூன்றையே.

இரண்டு குடில்களுக்கு இடையே எதிர்பாராமல் நிற்க நேர்ந்தால்? அதற்காகத்தான் அந்த 5 கிலோ பை. மழை புகாத மேலுடை, உலர்ந்த கம்பளிச் சட்டை, கையுறை, குல்லாய், அலுமினியம் பூசிய மெல்லிய போர்வை, விளக்கு, ஊதல், வரைபடம், கொஞ்சம் உணவு ஆகியவை அதில் இருக்கும். வெயில் அடிக்கும் நாளில் இவை வீண்சுமையாகத் தோன்றும். ஆனாலும் யாரும் எடுத்து வைத்துவிட்டுப் போவதில்லை.

மெதுவானவர் முன்னால்

குழுவில் எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடமாட்டார்கள். ஃபெர்ரே என்ற கணவாய் இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லை. அதன் உயரம் 2,537 மீட்டர். பள்ளத்தாக்கிலிருந்து அங்கே செல்லச் சுமார் 800 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விரைவானவர் மணிக்கு 600 மீட்டர் ஏறுகிறார். அவருக்கு 1 மணி 20 நிமிடம். மெதுவானவர் 400 மீட்டர் ஏறுகிறார். அவருக்கு 2 மணி நேரம். ஆக, விரைவானவர் கணவாயின் காற்றில் நனைந்த பனியனோடு 40 நிமிடம் நிற்க வேண்டும். அவருடைய ஐந்து பல்புகளில் நான்கு அணைந்துவிடும். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், குளிரில் நடுங்குபவர் "வா, கிளம்பலாம்" என்பார். மிகவும் களைத்தவருக்கே ஓய்வு இல்லாமல் போகும்!

ஆகவே, மெதுவானவரை முன்னால் விடுவது நல்ல வழக்கம். அவருடைய பையிலிருந்து இரண்டு கிலோவை வலுவானவர் வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் வேகம் கூடும், மற்றவர் வேகம் குறையும், இடைவெளி சுருங்கும். இது தயவு அல்ல. எல்லோரும் சூடாக இருப்பதற்கான வழி.

யாருக்காவது கால் பிசகினால் ஒருவர் அவருடன் இருக்க, இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம். அதற்குக் குழுவில் நால்வராவது வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் ஆபத்துக் குறி என்ன தெரியுமா? ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதலோ விளக்கொளியோ. பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்.

புறப்படும் நேரத்திலும் விஞ்ஞானம் இருக்கிறது. கோடையில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று சூடாகி மேலெழும். அதிலுள்ள ஈரம் மேகமாகி, பிற்பகலில் இடிமழையாகும். எனவே காப்பாளரிடம் வானிலையைக் கேட்டுக்கொண்டு, விடிந்ததும் புறப்பட்டு, உயரமான கணவாயை நண்பகலுக்கு முன் கடந்துவிடுவார்கள். வானிலை மோசமென்றால் கணவாயை விட்டுப் பள்ளத்தாக்குச் சாலை வழியே பேருந்தில் போவதும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளியின் ஒரு மாடி 3 மீட்டர் உயரம் என்று கொள்ளுங்கள். உங்கள் எடை 50 கிலோவானால், பத்து முறை ஏறுவதற்கு 50 × 9.8 × 30 = 14,700 ஜூல் வேலை. தசை கால் பங்கையே வேலையாக்குவதால் உணவுச் செலவு சுமார் 14 கிலோகலோரி. ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 100 கிலோகலோரி உண்டு. ஒரு பழத்துக்கு எத்தனை மாடி ஏறலாம்? மாண்ட் பிளாங்க் சுற்றில் மொத்தம் எத்தனை மாடி?

பிறகு இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் வைத்துவிட்டு அளவுகளைப் படியுங்கள். அந்த வித்தியாசம்தான், நனைந்த பனியனோடு கணவாயில் காத்து நிற்பவருக்கு நேர்வது.