அன்று ஆள், இன்று கொட்டேஷன்

1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்த வங்கிக் கிளை, மயிலாப்பூரில் ஒரு பழைய மாடிவீடு. மொசைக் தரை, மரக் கவுண்ட்டர், 18 பேருக்கு ஒரே கழிப்பறை. பெருக்கித் துடைக்க ஓர் அம்மா இருந்தார். காலை ஏழரைக்கு வருவார். துடைப்பம், முறம், சாக்குத்துணி, ஒரு புட்டி பினாயில், அவ்வளவுதான் சாமான். முட்டிபோட்டுத் துடைத்தபடியே பின்னோக்கி நகர்வார். ஈரம் காயும்வரை மேனேஜரே வாசலில்தான் நிற்பார்.

அவரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஆனதாம். வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய பட்டியல், நேர்முகம், மருத்துவச் சான்று, மேலிடத்து உத்தரவு. விளக்குமாறு பிடிக்க இத்தனை காகிதமா என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்று கணக்கிட்டு மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பளம். அம்மாவுக்கு முதலில் 'ஒன் தேர்டு'. கிளை பெரிதானபோது பாதி. பிறகு முழுச் சம்பளத்தில் சப்-ஸ்டாஃப். எங்களுக்கு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானால் அவருக்கும் கூடியது. எளிதில் மாற்ற முடியாத ஆள் என்பதால் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

அந்தக் காகிதங்களுக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் வரம்புக்குள் வரும் நிறுவனக் கட்டடங்களில் பெருக்க, சுத்தம் செய்ய, தூசி தட்ட, காவல் காக்க ஒப்பந்த ஆள் கூடாது என்றது அது. 2001 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020-ல் இயற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணியில் சேராதவை, அதாவது ஒப்பந்த ஆளை வைக்கக்கூடியவை, என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் முதலிடம் துப்புரவுக்கு, அடுத்த இடம் காவலுக்கு.

ஓய்வுக்குப் பின் ராஜீவ் காந்தி சாலையில் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். தரையை ஸ்க்ரப்பர் மெஷின் தேய்க்கிறது. கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, மேசைக்கு வேறு நிறம். கழிப்பறைக் கதவின் பின்னால் மணிக்கொரு கையெழுத்துக்குத் தாள் தொங்குகிறது. 'ஆர்-டூ தீர்ந்துபோச்சு சார்' என்று கெமிக்கலுக்கு ஆள் வருகிறது. யாரும் முட்டிபோடுவதில்லை. அம்மாவின் வீங்கிய முட்டிகளைப் பார்த்தவன் நான். இது பெரிய லாபம்தான். ஆனால் பெயர் மனத்தில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுகிறது.

தேர்வுக்கு இன்று மூன்று கொட்டேஷன், ஓர் எக்செல் தாள், ஒரு மணி நேரம் போதும். சென்ற ஆண்டு, வாரம் ஏழு நாளும் 12 பேர் வேண்டும் என்று கேட்டோம். ஆளுக்கு ஒருநாள் வார விடுமுறை உண்டு. ஆகவே 14 பேருக்குக் கூலி போட வேண்டும். குறைந்தபட்சக் கூலி அரசு ஆணையில் இருக்கிறது. நூறு ரூபாய்க் கூலிக்கு முதலாளி பங்காக பி.எஃப். 13, இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33 என்று ஏறத்தாழ 25 ரூபாய் மேலே ஏறும். இதில் யாரும் கைவைக்க முடியாது. பிறகு ஒருவர் மட்டும் எப்படிக் கால் பங்கு குறைத்துத் தருகிறார்? இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆனாலும் மேலே உள்ளவர்கள் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே, என்றார்கள். குறைந்த தொகைக்கே கையெழுத்தானது.

மூன்றாம் மாதம் பதிவேட்டில் 14 பெயர், மாடிகளில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் கூலி நின்றது. ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் கட்டடக்காரர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தோம். மிச்சம் பிடித்த தொகை அதிலேயே போயிற்று.

அம்மா பென்ஷனோடு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டது நான்தான்.

இந்த ஆண்டு கொட்டேஷனோடு, சென்ற மாதத்து பி.எஃப். சலானையும் அதிலுள்ள பெயர்ப் பட்டியலையும் கேட்டிருக்கிறேன். மூன்று நிறுவனங்களில் ஒன்றுதான் தந்திருக்கிறது. விலையில் அது மூன்றாவது.