மிதவைத் துறைக்கு ஏற்ற ஏணி

கடலில் தவறி விழுந்த ஒருவர், கைக்கு எட்டும் தூரத்தில் படகுத் துறை இருந்தும், அதில் ஏற முடியாமல் மூழ்கிப்போவதுண்டு. நீச்சல் தெரிந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். நீர்மட்டத்திற்கு மேல் அரை மீட்டர் உயரம்தான். அதை ஏன் ஏற முடிவதில்லை? விடை ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் இருக்கிறது. துறைக்கு எத்தகைய ஏணி வேண்டும் என்பதையும் அத்தத்துவமே நமக்குச் சொல்லிவிடும்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள போர்ட்லண்டு துறைமுகத்தில் கடல்மட்டம் ஆறேகால் மணி நேரத்தில் சராசரியாக 2.8 மீட்டர் ஏறுகிறது. அடுத்த ஆறேகால் மணி நேரத்தில் அவ்வளவும் இறங்கிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே ஓதம் என்கிறோம். சென்னைக் கரையில் இது ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மெய்ன் கரையிலோ, அசையாத துறையில் கட்டிய படகு காலையில் துறையின் மட்டத்திலும், நண்பகலில் இரண்டு ஆள் ஆழத்திலும் நிற்கும். ஆகவே அங்கு பலர் மிதவைத் துறை அமைக்கின்றனர். மிதவைகளின் மேல் மரப்பலகை பரப்பி, ஊன்றிய தூண்களை ஒட்டி அது மேலும் கீழும் நழுவும்படி விட்டுவிடுவார்கள். கரைக்கும் துறைக்கும் இடையே கீல் பொருத்திய ஒரு பாலம் இருக்கும்.

ஓதம் 2.8 மீட்டர் என்றால் ஏணியும் அவ்வளவு நீளம் வேண்டாமா? வகுப்பில் கேட்டால், வேண்டும் என்று சொல்பவர்களே அதிகம். உண்மையில் வேண்டியதில்லை. மிதவை தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கிறது. எடை மாறாதவரை அது அமிழும் ஆழமும் மாறாது. கடல் ஏறினாலும் இறங்கினாலும் நீரிலிருந்து தளத்தின் உயரம் ஒன்றே. 60 கிலோகிராம் எடையுள்ளவர் மேலே ஏறினால் என்னாகும்? 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மிதவை, அடிப்பரப்பு முழுவதும் நீரைத் தாங்குவதாகக் கொண்டால், சுமார் 3 மில்லிமீட்டர்தான் அமிழும். நீளவாட்டு விளிம்பில் அவர் நின்றால் அவ்விளிம்பு இதைப்போல் நான்கு மடங்கு தாழும். அதுவும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான்.

இனி ஏறுபவரின் நிலையைப் பார்ப்போம். மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. கழுத்தளவு நீரில் இருப்பவருக்கு எடை சில கிலோகிராம்தான். இடுப்புவரை நீரைவிட்டு எழும்போதோ, சுமார் 30 கிலோகிராமைத் தாங்கியாக வேண்டும். நீருக்குள் எடையே தெரியாமல் இருந்த ஈர உடையும் இப்போது கனக்கும். காலுக்குப் பிடிமானம் இல்லையேல் இவ்வளவையும் கைகளே தூக்க வேண்டும். கைகளை ஊன்றி எழ முயன்றால் கால்கள் மிதவைக்கு அடியில் போய்விடும்! மெய்ன் கடல்நீர் கோடையிலும் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழேதான் இருக்கிறது. குளிரில் விரல்கள் விறைத்துப் பிடி தளரும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எனவே ஏணியின் முக்கியமான பகுதி நீருக்கு மேலே இருப்பதன்று, கீழே இருப்பதே. நீருக்குள் மூன்று படிகளாவது வேண்டும் என்பது என் கருத்து. படிகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் வைத்தால் கடைசிப் படி 90 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். எடை தெரியாத நிலையிலேயே கால் அதில் பதிந்துவிடும். நேர்ச்செங்குத்து ஏணியைவிட, அடிப்பக்கம் சற்று வெளியே தள்ளியிருக்கும் ஏணியே கைகளுக்கு எளிது.

ஓதத்தை அடியோடு மறந்துவிடலாகாது. நீர் வற்றும்போது துறைக்கு அடியில் எவ்வளவு ஆழம் மிஞ்சுகிறது? ஏணியின் நுனி தரையைத் தொட்டால் மிதவையின் பாரம் அதன்மேல் இறங்கும். ஏணி வளையும், அல்லது போல்ட்டுகள் பிடுங்கிக்கொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிகவும் வற்றும். ஆழத்தை அப்போது அளக்க வேண்டும், மற்ற நாள்களில் அளப்பது போதாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏணி எப்போதும் நீரிலேயே கிடந்தால் சில வாரங்களில் பாசியும், கொட்டலசு எனப்படும் ஓடுடைய சிறு உயிரிகளும் அதில் ஒட்டி வளரும். அந்த ஓடுகள் பாதத்தைக் கிழித்துவிடும். இதற்காகவே கீல் வைத்து மேலே மடக்கும் ஏணிகள் விற்கப்படுகின்றன. ஆனால் மடக்கிய ஏணி, தவறி விழுந்தவருக்கு எட்டாவிட்டால் அது இருந்து என்ன பயன்? தளத்தில் வேறு எவரும் இல்லாத நேரத்தில்தான் அது மிகவும் தேவைப்படும். நீரில் இருந்தபடியே ஒரு கையால் இழுத்துக் கீழிறக்கக்கூடிய ஏணியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அடிப்படியில் கட்டிய கயிற்றின் நுனி எப்போதும் நீர்மட்டம் வரை தொங்கட்டும். கயிறு பாசி பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம், செலவு சொற்பமே.

உலோகத்தைப் பொறுத்தவரை அலுமினியம் இலேசானது, மடக்க எளிது. ஆனால் அதைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் நேரடியாக முடுக்கினால், உப்புநீர் இடையே புகுந்து அவ்விரண்டும் ஒரு மின்கலம்போல் செயல்படும், கரைவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி நைலான் குழலும், தலைக்கடியில் நைலான் வளையமும் வைத்து இரு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்துவிட வேண்டும்.