பனியில் அணைந்த போன் பாக்கெட்டுக்குள் எப்படி எழுந்துகொள்கிறது, தெரியுமா?

லடாக்கின் கர்துங் லா கணவாய். கடல்மட்டத்திலிருந்து 5,300 மீட்டருக்கும் மேலே. வண்டியை ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றி, பனிமலையைப் படம்பிடிக்கப் போனை நீட்டுகிறீர்கள். திரையில் 40 சதவீதம் சார்ஜ் தெரிகிறது. கேமராவைத் திறந்த கணமே திரை கறுத்துவிடுகிறது! பதறாதீர்கள். போனைச் சட்டையின் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும், அதுவும் ஏறக்குறைய அதே சார்ஜோடு! சார்ஜர் இல்லை, பவர் பேங்க் இல்லை. கிடைத்தது உடம்புச் சூடு மட்டும்.

அந்த 40 சதவீதம் இடையில் எங்கே போயிருந்தது தெரியுமா? எங்கேயும் போகவில்லை! பேட்டரிக்குள்ளேயேதான் இருந்தது. லித்தியம் அயனி பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 3 வோல்ட்டை நெருங்கினால் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சாதாரண அறையில் பேட்டரியின் உள்தடை மிகவும் குறைவு. கடுங்குளிரிலோ அது பல மடங்கு ஏறிவிடுகிறது. கேமராவும் திரையும் சிக்னல் தேடும் ஆன்டெனாவும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழுக்கும்போது, அந்தத் தடையைத் தாண்டுவதிலேயே மின்னழுத்தம் சரிந்துவிடும். போனுக்கு அந்தச் சரிவுதான் கண்ணில் படும். பேட்டரி காலி என்று முடிவுகட்டிக் கடையை மூடிவிடும்! உள்ளே லித்தியம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

தடை ஏன் ஏறுகிறது? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள், ஒரு சொட்டு இறங்காது. பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். அது முழுதாக உறைய வேண்டும் என்றுகூட இல்லை, கெட்டிப்பட்டாலே போதும். லித்தியம் அயனிகள் அதற்குள் நீந்தித்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயாக வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை கரையேறும்போது வருகிறது. ஒவ்வொரு அயனியும் திரவ மூலக்கூறுகளைச் சுற்றிலும் போர்த்திக்கொண்டுதான் பயணம் செய்கிறது. மின்முனைக்குள் நுழைய அந்தப் போர்வையை உதற வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். குளிரில் அந்த ஆற்றல் உள்ள அயனிகள் மிகச் சிலவே!

இன்னொன்று கேளுங்கள், இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி. உங்கள் போன் பேட்டரியின் திரவத்தில் இருக்கும் முக்கியமான பொருள் தனியாக எடுத்து வைத்தால் திரவமே இல்லை! எத்திலீன் கார்பனேட் என்று அதற்குப் பெயர். அது உருக 36 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் வீட்டு அறையில் வைத்தால் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அதன் நெருங்கிய உறவான புரோப்பிலீன் கார்பனேட்டோ மைனஸ் 49 டிகிரிவரை உறையாது! அப்படியானால் அதையே பேட்டரியில் ஊற்றியிருக்கலாமே? ஊற்றிப் பார்த்தார்கள். அது பேட்டரியின் ஒரு மின்முனையான கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து ஏடு ஏடாகப் பிய்த்துப் போட்டது. எத்திலீன் கார்பனேட் அப்படிச் செய்யாது. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1990இல் கனடாவின் ஜெஃப் டான் குழுவினர் இதை வெளிப்படுத்தினார்கள். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியில் கிராஃபைட்டே கிடையாது, அதற்குப் பதிலாக வேறு வகைக் கார்பன்தான் இருந்தது. கிராஃபைட் வந்த பிறகுதான் சிறிய பேட்டரிக்குள் இவ்வளவு சக்தியை அடைக்க முடிந்தது. ஆக, ஒல்லியான போன் நமக்குக் கிடைக்கக் காரணமான அதே எத்திலீன் கார்பனேட்தான் குளிரில் முதலில் முரண்டு பிடிக்கிறது! மெல்லிய வேறு திரவங்களைக் கலந்து அதை இளக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. இந்தப் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97! நோபல் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான்.

எவரெஸ்ட் உச்சியிலிருந்து முதல் செல்போன் அழைப்பு எப்படிப் போனது தெரியுமா? 2007 மே மாதம், ராட் பேபர் என்ற பிரிட்டன் மலையேறி பேசினார். ஏறும்போது பேட்டரிகளைத் தன் உடம்போடு சேர்த்து ஒட்டிக்கொண்டே போனார்! மலையேறிகளுக்கு இது பழகிய வித்தை. இரவில் பேட்டரியைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுப்பார்கள். டொரொன்டோவில் ஜனவரிக் குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் தமிழர்கள் போனைக் கோட்டின் வெளிப்பையிலிருந்து உள்பைக்கு மாற்றுவதும் இதே வித்தைதான்.

பழைய பேட்டரி என்றால் பாடு இன்னும் அதிகம். வயதாக ஆக உள்தடை தானாகவே ஏறும், அதன்மேல் குளிரும் சேர்ந்தால் போன் பட்டென்று அணையும். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஒப்புக்கொண்டு உலகமே கொதித்ததே, நினைவிருக்கிறதா? அதற்கு அது சொன்ன காரணங்களில் குளிரும் ஒன்று! குளிர், குறைந்த சார்ஜ், முதுமை ஆகிய மூன்றாலும் போன் திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்தோம் என்றது.

குளிரில் அணைந்த போனை உடனே சார்ஜரில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் சக்தி குறைவது தற்காலிகம், இது நிரந்தரம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே அது நுழைய முடியாமல் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது! படிந்த லித்தியத்தில் பெரும்பகுதி மறுபடி வேலைக்கு வராது. அது ஊசி ஊசியாக வளர்ந்தால் உள்ளே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பல போன்கள் கடுங்குளிரில் சார்ஜ் ஏற்றவே மறுக்கின்றன. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. முதலில் போன் அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் வந்ததும் அதன்மேல் நீர்த்துளிகள் பூக்கும், அவையும் உலரட்டும். பிறகு ஒயரைச் செருகுங்கள்.

பூமிக் குளிரே இப்படியென்றால் செவ்வாயில்? நாசாவின் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோ எடை. அதன் மூளை கைபேசிகளுக்கென்று செய்யப்பட்ட ஸ்னாப்டிராகன் 801 சிப்! அதன் பேட்டரி, பவர் பேங்குகளிலும் லேப்டாப்களிலும் பயன்பட்ட அதே 18650 வகை உருளை செல்கள் ஆறு! ஏறக்குறைய ஒரு செல்போன் சிறகு கட்டிக்கொண்டு செவ்வாயில் பறந்தது என்றே சொல்லிவிடலாம். அங்கே இரவில் மைனஸ் 80, 90 டிகிரி. பகலில் சூரியத் தகடு சேர்த்த மின்சாரத்தில் பெரும்பங்கு பறப்பதற்குப் போகவில்லை, இரவெல்லாம் பேட்டரியைச் சூடேற்றிக்கொண்டே இருக்கத்தான் போனது.

2022 மே மாதம் செவ்வாயில் குளிர்காலம் நெருங்கியது. காற்றில் தூசு, தகட்டில் வெயில் குறைவு. ஓரிரவு பேட்டரி இறங்கி, ஹெலிகாப்டரின் கடிகாரமே அழிந்துபோனது! நேரம் தெரியாததால் பேச வேண்டிய வேளையில் அது பேசவில்லை. செவ்வாய்த் தரையில் அதற்குத் துணையாக இருந்த பெர்சிவரன்ஸ் ஊர்தி தன் வேலைகளை நிறுத்திவைத்து, ஏறக்குறைய ஒரு முழுப் பகல் அதன் குரலுக்காகக் காதைத் தீட்டிக் காத்திருந்தது. குரல் வந்தது! அதன்பின் பொறியாளர்கள் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். மைனஸ் 15 டிகிரியிலேயே வேலையைத் தொடங்கும் ஹீட்டரை, மைனஸ் 40 வரை பொறுக்கச் சொன்னார்கள். பேட்டரி குளிரட்டும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த ஆறு செல்களும் அதைத் தாங்கின. 30 நாளில் 5 முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட கருவி, இந்தக் கண்டத்துக்குப் பிறகு மட்டும் 44 முறை பறந்தது. மொத்தம் 72! 2024 ஜனவரியில் அதன் ஓட்டத்தை முடித்துவைத்தது உடைந்த சுழல் இறக்கை. பேட்டரி கடைசிவரை கைவிடவே இல்லை.

நிலாவுக்கும் ஒரு நடை போய் வருவோம். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது. அடுத்த மாதம் 4ஆம் தேதி அதன் தரையிறங்கு கலமான விக்ரம் உறங்க வைக்கப்பட்டது. பிரக்யான் ஊர்தி பேட்டரி நிறையச் சார்ஜோடு அதற்கு முன்பே உறங்கப் போயிருந்தது. நிலவின் ஓர் இரவு நமக்கு 14 நாள். குளிர் மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே. அந்த இரவைத் தாண்டும்படி அவை வடிவமைக்கப்படவே இல்லை. என்றாலும் விடிந்ததும் இஸ்ரோ கூப்பிட்டுப் பார்த்தது, நாமும் எவ்வளவு ஆசையோடு காத்திருந்தோம்! பதில் வரவில்லை. ஆனால் 2024 ஜனவரியில் தலைகுப்புற இறங்கிய ஜப்பானின் ஸ்லிம் கலமும் நிலவின் இரவுக்கென்று செய்யப்பட்டதில்லை. அது ஒன்றல்ல, மூன்று இரவுகளைக் கடந்து எழுந்து பதில் சொன்னது!

பூமிக்குத் திரும்புவோம். காரில் இருக்கும் ஈயப் பேட்டரியின் கதை இன்னும் விசித்திரம். முழுச் சார்ஜில் இருந்தால் அதன் அமிலம் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கிவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மைனஸ் 10க்கு முன்பே உறைந்து பெட்டியையே பிளந்துவிடும்!

குளிருக்குத் தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும் பேட்டரி உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாவ் யாங் வாங் குழுவினர் 2016இல் செய்து காட்டினார்கள். செல்லுக்குள் மெல்லிய நிக்கல் தகடு ஒன்றைச் செருகினார்கள். குளிர் கண்டதும் மின்சாரம் அந்தத் தகடு வழியே பாய்ந்து செல்லைச் சூடாக்குகிறது. மைனஸ் 20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு ஏற 20 நொடிதான்! அதற்குச் செலவு பேட்டரியின் சக்தியில் 4 சதவீதம்கூட இல்லை.

கடைசியாக, நமக்கு நேராகப் பொருந்தும் ஒன்று. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் குளிரைவிட வெயில் எத்தனை கொடியது தெரியுமா? ஊட்டி உறைபனியில் அணைந்த போன் கீழே மேட்டுப்பாளையம் வந்தால் பழையபடி ஓடும். வெயில் தின்ற சக்தி திரும்பி வராது! பாதிக்கும் சற்றுக் குறைவான சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு சும்மா கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதத்தைக் காத்துக்கொள்ளும் என்பது வழிகாட்டி நூல்கள் தரும் கணக்கு. அதையே முழுச் சார்ஜில் 40 டிகிரியில் விட்டுவைத்தால் மிஞ்சுவது சுமார் 65! ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வரம்பு 0 முதல் 35 டிகிரிவரை. கீழ் எல்லையைத் தமிழ்நாட்டுச் சமவெளியில் யாரும் தொடப் போவதில்லை. மேல் எல்லையையோ மே மாத வேலூர் ஏறக்குறைய தினமும் தாண்டுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு இன்னும் எத்தனையோ டிகிரி மேலே போகும், போனை அங்கே வைக்காதீர்கள். தலையணைக்கடியில் சார்ஜ் போடாதீர்கள். மாதக்கணக்கில் தொடாமல் வைக்கப் போகும் பழைய போனைப் பாதிச் சார்ஜில் அணைத்து, வெயில் படாத அறையில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிவரை ஏற்றி வையுங்கள்.