விதியை மீறிய பந்து

சுவரில் எறிந்த பந்து எந்தக் கோணத்தில் மோதுகிறதோ, அதே கோணத்தில் திரும்புகிறது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருப்பீர்கள். இந்த விதியைத் துணிந்து மீறிய ஒரு பந்துதான் விடியோ விளையாட்டு என்னும் பெருந்தொழிலுக்கு அடிகோலியது. அதைத் திரையில் ஓடவிட்டது அட்டாரி நிறுவனம்.

1972 ஜூன் 27 அன்று நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இரு பொறியாளர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அட்டாரியைத் தொடங்கினார்கள். 'கோ' என்ற ஆட்டத்தில் எதிரியின் காய் பிடிபடப்போகும் நிலையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற இளைஞரிடம், பழகுவதற்காக ஒரு வேலையைக் கொடுத்தார் புஷ்னெல்: இரண்டு மட்டை, ஒரு பந்து, திரையில் மேசைப் பந்தாட்டம். கருத்து முற்றிலும் புதிதன்று. ரால்ஃப் பேயர் என்பவர் உருவாக்கி, மேக்னவாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இதுபோன்ற ஆட்டத்தைப் புஷ்னெல் அந்த மே மாதமே பார்த்திருந்தார். பின்னர் வழக்கு வந்தது. 1976-இல் உரிமத்தொகை கொடுத்துச் சமாதானம் ஆயிற்று.

அல்கார்ன் செய்த 'பாங்' ஆட்டத்துக்குள் கணிப்பொறியே இல்லை என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். இருந்தவை வெறும் மின்னணுச் சுற்றுகள். அன்றைய தொலைக்காட்சிக் குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, கோடு கோடாக, மேலிருந்து கீழ்வரை நொடிக்கு 60 முறை திரையைத் துடைத்துச் செல்லும். கற்றை எத்தனையாவது கோட்டில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எண்ணும் சுற்றுகளை அல்கார்ன் அமைத்தார். குறித்த எண் வந்ததும் கற்றை ஒரு கணம் பிரகாசமாகும்; அந்த வெள்ளைப் புள்ளிதான் பந்து! எண்ணைச் சிறிது மாற்றினால் பந்து நகரும்.

மேல், கீழ் ஓரங்களில் பந்து எதிரொளிப்பு விதிக்கு அடங்கித் திரும்பியது. மட்டையிலும் அப்படியே திரும்பினால் ஆட்டம் சலித்துவிடுமே! ஆகவே மட்டையை 8 பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து பாயும். எங்கே படச் செய்வது என்பது ஆடுபவரின் திறமை. சுற்றின் குறைபாட்டால் மட்டை திரையின் உச்சிவரை போகவில்லை. அதை அவர் திருத்தவில்லை. திருத்தினால் கைதேர்ந்தவர்கள் ஆட்டத்தை முடிக்கவே மாட்டார்கள்!

சன்னிவேல் நகர மதுவிடுதி ஒன்றில் சோதனைக்கு வைத்த இயந்திரம் சில நாட்களில் நின்றுபோயிற்று. அல்கார்ன் திறந்து பார்த்தார். காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது.

1976-இல் வார்னர் நிறுவனம் அட்டாரியை 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு வந்த வீட்டு விளையாட்டுப் பெட்டியில் நுண்செயலி இருந்தது. தற்காலிக நினைவகமோ 128 பைட்டுகளே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 புள்ளி அகலம், 192 கோடு உயரம் கொண்ட படத்துக்குப் புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலும் 3,840 பைட்டுகள் வேண்டும். முழுப்படத்தை எங்கே வைப்பது? வைக்கவில்லை! கற்றை ஒரு கோட்டை வரையும் நேரத்தில் நுண்செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். அதற்குள் அந்தக் கோட்டுக்கு வேண்டியதைத் தந்துவிட வேண்டும். பிந்தினால் படம் கெடும். ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி நிரல் எழுதினார்கள்.

இத்தனை பாடுபட்டவர்களின் பெயர் பெட்டியின் மேல் அச்சாகவில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 1979-இல் நான்கு நிரலாளர்கள் வெளியேறி, 'ஆக்டிவிஷன்' நிறுவனத்தை அமைக்கப் போனார்கள். வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். 'அட்வென்ச்சர்' ஆட்டத்தில் ஓர் இரகசிய அறை கட்டி, உள்ளே தம் பெயரை எழுதிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார். அறையின் சாவி, பின்னணியின் நிறத்திலேயே ஒளிந்திருந்த ஒரு சாம்பல் புள்ளி. சால்ட் லேக் நகரத்துச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதன் பிறகே நிர்வாகத்துக்கு விஷயம் தெரிந்தது.

1982-இல் 'ஈ.டி.' திரைப்படத்தை ஒட்டிய ஆட்டத்தை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரங்களில் எழுத நேர்ந்தது. அது எடுபடவில்லை. சந்தையில் சரக்கு குவிந்திருந்த வேளையில், 1983-இல் அமெரிக்க விடியோ விளையாட்டுத் தொழிலே சரிந்தது. விற்காத ஆட்டப் பெட்டிகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் மண்ணில் புதைத்தார்கள். 1984-இல் அட்டாரி இரண்டாக உடைந்தது. 2014-இல் அந்தக் குழியைத் தோண்டியபோது வார்ஷாவும் அங்கே நின்றிருந்தார். 'ஈ.டி.' பெட்டி ஒன்று இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.